சுண்ணச் சாந்தும் சுவரின் வாழ்வும்

சிங்கப்பூரில் உள்ள புனித அந்திரேயா பேராலயத்திற்கு 1856ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதனைக் கட்டியெழுப்பியோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அதன் சுவர்களில் பூசப்பெற்றது, சென்னைக் கொத்தர்களின் வழிவந்த 'மதராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த சாந்து அது. உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர்.

மழையும் வெப்பமும் மிகுந்த இந்நிலப்பகுதியில், மண்ணின் ஈரம் செங்கல் வழியே சுவரில் ஏறும். சுண்ணச் சாந்தின் நுண்துளைகள் அவ்வீரத்தை வெளியேற்றிவிடும். சிமெண்டுப் பூச்சோ அதனை உள்ளேயே சிறைப்படுத்தும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். உறுதி தரும் என நம்பிப் பூசியதே சுவருக்குப் பகையாகிவிடுகிறது. எனவேதான், 2008இல் உலகப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பெற்ற மலாக்காவிலும் ஜார்ஜ் டவுனிலும் பழங்கட்டடங்களைச் செப்பனிடுவோர் மீண்டும் சுண்ணாம்பை நாடுகின்றனர்.

சாந்து குழைத்த கைதிகளுள் பெரும்பாலோரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்தம் கைத்திறன் சுவர்களில் நிலைத்துள்ளது. அதனைக் கற்றுப் பேணுவோர் அருகினால், கட்டடம் நிற்பினும் அதன் வரலாறு மறைந்துபோகும். இதனை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர்தம் கடனாகும்.