கரும்புச்சாறு முதல் பால்கோவா வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்போர் முதலில் உணர்வது பால் சுண்டும் மணத்தையே. 192 அடி உயர்ந்த இராசகோபுரத்தின் நிழலில் வரிசையாய் அமைந்த கடைகளில் பால்கோவா விற்பனையாகிறது. 12 கிலோமீட்டருக்குள் அமைந்த இராசபாளையத்திற்குத் திருமணத்திற்கோ உறவினர் இல்லத்திற்கோ செல்பவர் எவரும் அப்பொட்டலம் ஒன்றில்லாமல் ஊர் திரும்புவதில்லை. சமணக் குடும்பத்தாரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் அப்பொட்டலம் பண்டிகை நாளின் உணவிலையருகே பிரிக்கப்படும்போது இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. ஒன்று பாட்டனார் எழுப்புவது: இது சிராவகர் இல்லத்திற்கு ஏற்றதா? மற்றொன்று மருத்துவம் பயின்ற பெயர்த்தி எழுப்புவது: இது பாட்டனாரின் உடலுக்கு ஏற்றதா? இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதைச் சமணர்தம் உணவு வரலாறு காட்டுகின்றது.

அவ்வரலாறு ஓர் இனிப்பிலிருந்தே தொடங்குகிறது. ஆதிபகவனாகிய விருஷப தேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். முனிவருக்கு உணவளிக்கும் முறையை அந்நாளைய மக்கள் அறிந்திலர். ஒருவர் பொன் கொணர்ந்தார். ஒருவர் யானையும் குதிரையும் கொணர்ந்தார். ஒருவர் தம் மகளையே கொணர்ந்து நிறுத்தினார். உணவு கொணர்ந்தவர் ஒருவருமில்லை. மேலும் பல திங்கள் கழிந்த பின், அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பியாகிய சிரேயாம்சன், தன் முற்பிறப்பு நினைவால் தானமுறை உணர்ந்து, பெருமானின் கைகளில் கரும்புச்சாற்றை வார்த்தான். வைகாச வளர்பிறை மூன்றாம் நாளாகிய அதுவே அட்சய திருதியை. பொன் வாங்கும் நாளாக இன்று விளம்பரப்படுத்தப்படும் அந்நாள், பொன்னைக் கண்டும் கொள்ளாது சென்ற பெருமானின் பாரணை நாள் என்பதை இளையோர்க்கு இல்லங்களில் எடுத்துரைத்தல் வேண்டும். தீயில் காய்ச்சாத, வேறெதுவும் கலவாத பிழிசாறே உலகின் முதல் ஆகாரதானமாயிற்று. அவர்தம் குலம் இட்சுவாகு குலம் எனப் பெற்றதும் கரும்பைக் குறிக்கும் 'இட்சு' என்னும் சொல்லடியாகவே என்பது சமண மரபு. தமிழ்ச் சமணர் இல்லங்களில் பயிலப்படும் ஸ்ரீபுராணம் இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றது.

தமிழகத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தோர் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் என்று புறநானூற்றில் ஒளவையார் பாடியுள்ளார். அவ்வதியமான் பெயரால் அமைந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பை என்னும் ஊரில் 1981-இல் கண்டறியப்பட்டது. துறவியர் உறைவதற்கென அவன் குகை ஒன்றை ஈந்த செய்தி அதில் உள்ளது. அத்துறவியர் சமண முனிவர் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. கரும்பு தந்த குடியே கற்படுக்கையும் தந்தது என்பது எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தி.

கரும்பு ஏற்கப்பட்டது, தேன் விலக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைச் சிலப்பதிகாரம்போல் நயமாக உணர்த்திய நூல் பிறிதொன்றில்லை. நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மதுரைக்கு அழைத்துச் செல்லுமுன் வழியின் இடர்களை எடுத்துரைக்கின்றார். கள்வரையோ விலங்கையோ அவர் முதன்மையாய்ச் சுட்டவில்லை. கரும்பில் கட்டிய பெரிய தேனடை சிதைந்து பொய்கையின் தூய நீரில் கலந்திருக்கும். நீர்வேட்கையால் களைத்த கண்ணகி அறியாமல் அதனை அள்ளிப் பருகவும் கூடும் என்று அஞ்சுகின்றார். ஒரு கை நீரில் கலந்த தேனுக்காகக் கவலையுறும் அந்த உள்ளமே சமண உணவறத்தின் உரைகல். சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் கள், ஊன், தேன் என்னும் மூன்றையும் விலக்குதலை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து இல்லறத்தாரின் மூல குணங்கள் எட்டு என வகுத்தார். அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு, சமணச் சிறுவர்க்குப் பாடமாய் ஓதுவிக்கப்பட்டு வந்த நூல்.

மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குலத்து மாதரியின் இல்லத்தில் நிகழ்ந்த விருந்து இன்னும் உருக்கமானது. கோவலன் சாவக நோன்பியாதலின் பகற்பொழுதிலேயே உண்ண வேண்டும் என்றறிந்து, அடிசில் ஆக்குதற்குரிய நற்கலங்களை விரைந்து தருமாறு மாதரி தன் மனையோர்க்குக் கூறுகின்றாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, தங்கள் குலத்திற்குரிய பாற்பயன் ஆகியவை வந்து சேர்கின்றன. ஐயை துணைநிற்கக் கண்ணகி தன் கையால் சமைத்து, குமரி வாழையின் குருத்திலையில் கணவனுக்குப் படைக்கின்றாள். கனியும் பாலுமே அவ்விருந்தின் இன்சுவை. பாகு காய்ச்சியதாகவோ நெய்யில் பொரித்ததாகவோ ஒரு பண்டமும் அங்கில்லை. பிற நெறியைச் சேர்ந்த ஓர் ஆய்ச்சி, விருந்தினரின் நோன்பை அவர் கேளாமலே மதித்து நடந்தாள் என்பதும் நினைவிற்குரியது. அவ்வுணவை உண்டெழுந்து சிலம்பு விற்கச் சென்ற கோவலன் மீளவில்லை.

பழந்தமிழகம் வெல்லப்பாகு அறியாத நாடன்று. மதுரைக்காஞ்சி அந்நகரின் இரவுக் கடைகளில் தேனடை போன்ற மெல்லடையையும், பூரணத்தைப் பாகொடு சேர்த்துப் பிடித்த மோதகத்தையும் காட்டுகின்றது. அதே பாட்டு அந்நகரத்து அமண்பள்ளியையும் காட்டுகின்றது. மோதகம் விற்போர் இரவில் தம் பண்டங்களுடன் அமர்ந்தபடியே உறங்கினர். பள்ளியில் இருந்தோர் கதிரவன் மறைவதற்கு முன்பே உணவு முடித்த நோன்பினர்.

இராசபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தெற்கே சென்றால் கழுகுமலையை அடையலாம். நெச்சுரம் என்பது அதன் பழம்பெயர். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளும், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை இயக்கி ஆகியோரின் உருவங்களும் வரிசை வரிசையாய்ச் செதுக்கப்பெற்றன. குயவர், தச்சர், கொல்லர் எனப் பல தொழிலினர் அவற்றைச் செய்வித்தனர் என வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறும். அவற்றுள் ஒன்று, குணசாகர படாரர் முதலாகச் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர் பதின்மருக்கு உணவளிக்க விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கின்றது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி இருந்தது. அதன் மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணமலை வரையில் காணப்படுகின்றன. ஆக, இன்று பால்கோவாவாலும் சாத்தூர்ச் சேவாலும் பெயர்பெற்ற இவ்வட்டாரம், ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆகாரதானத்தால் பெயர்பெற்றிருந்தது. சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் தொழில் நிமித்தம் செல்வோர் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கழுகுமலை ஏறி வருதல் தகும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் இனிப்பு மரபோ வைணவர் வழிபாட்டொடு பிணைந்தது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்குப் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், அந்நேர்த்தியைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றியதும் அனைவரும் அறிந்த செய்தி. அக்காரம் என்பது சருக்கரை என்னும் சொல்லின் பழைய தமிழ் வடிவம். அரிசி, பால், நெய், வெல்லம் ஆகியவற்றால் ஆன அவ்வடிசிலில் தேன் இல்லை; சிராவகர் மரபிற்கும் அது முரணன்று. பாலை வெல்லத்தொடு சுண்டக்காய்ச்சும் திரட்டுப்பாலும் இவ்வழியில் வந்ததே. கோவா என்னும் சொல் வடநாட்டிலிருந்து வந்தது. திரட்டுப்பால் இல்லத்தில் ஆக்கப்பட்டது. பால்கோவா கடையில் ஆக்கப்பட்டது. வெல்லத்தின் இடத்தை வெள்ளைச் சர்க்கரை கொண்டது. மாற்றம் இவ்வளவே எனத் தோன்றினும் இது சிறிய மாற்றமன்று.

பால்கோவாவின் செய்முறை எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மேயும் மாடுகளின் பால், சர்க்கரை, அகன்ற இரும்புச் சட்டி, அடிபிடிக்காமல் இடைவிடாது கிண்டும் கை ஆகிய நான்குமே வேண்டுவன. முந்திரிக்கொட்டை ஓடும் புளிய விறகும் எரிபொருளாகின்றன. 10 லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேரும். கிடைக்கும் பால்கோவா ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வண்ணமோ மணப்பொருளோ வெள்ளித்தாளோ அதற்குத் தேவையில்லை. வெள்ளித்தாள் பற்றி ஒரு சொல்: அதனை விலங்கின் குடல் ஏடுகளுக்கிடையே வைத்து அடிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, விலங்குப் பொருள் அதில் சேர்தலாகாது என 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. கடைப் பண்டங்களை வாங்குவோர் இதனைக் கேட்டறிதல் நன்று.

பாட்டனாரின் வினாவிற்கு இங்கு விடை கிடைக்கின்றது. கறந்த பாலை ஒரு முகூர்த்தமாகிய 48 நிமிடத்திற்குள் காய்ச்சிவிட வேண்டும் என்பதும், மாவு மழைக்காலத்தில் மூன்று நாளும் கோடையில் ஐந்து நாளும் பனிக்காலத்தில் ஏழு நாளும் மட்டுமே கொள்ளத்தக்கது என்பதும் திகம்பர மரபின் காலவரம்புகள். நுண்ணுயிர் பெருகுமுன் உண்க என்பதே அவற்றின் உட்பொருள். குளிர்பெட்டி இல்லாத நாளில் வகுத்த இவ்விதிகள் குளிர்பெட்டி நிறைந்த இந்நாளில் கூடுதலாகவே வேண்டப்படுகின்றன. பண்டிகைக்குப் பத்து நாள் கழித்தும் பெட்டியின் ஓரத்தில் கிடக்கும் பால்கோவாவைக் கண்டவர் இதனை உணர்வர். அன்று ஆக்கியதாயின், பொழுது சாய்வதற்கு முன்பு உண்பதாயின், அது சிராவகர் இல்லத்திற்கு ஏற்றதே.

பெயர்த்தியின் வினா கடினமானது. மேற்கூறிய கணக்கின்படி பால்கோவாவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்று மேல் சர்க்கரை. உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் கொள்ளும் சேர்ப்புச் சர்க்கரை ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று. நூறு கிராம் பால்கோவாவே பின்னைய வரம்பைக் கடந்துவிடும். நீரிழிவுடைய முதியோர் பண்டிகையன்று பிறர் காணாமல் எடுத்துண்பதும், கண்டவர் காணாததுபோல் நடிப்பதும் பல இல்லங்களில் நிகழ்வன. கருப்பட்டி போட்டால் தீங்கில்லை என்று ஆறுதல் கூறிக்கொள்வதும் உண்டு. கருப்பட்டிக்குத் தனிச்சிறப்பு உண்டு: கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கிய பதநீரைக் காய்ச்சுவதால் அது கள்ளின் குற்றம் படாதது. ஆயினும் நீரிழிவுக்கு அதுவும் சர்க்கரையே. இதனை மறைத்துப் பேசுதல் முதியோர்க்குச் செய்யும் நன்மையாகாது.

அளவைச் சுருக்குதலும் இனிப்பின் அடிப்பொருளை மாற்றுதலுமே செய்யத்தக்கவை. விருதுநகர், மதுரை மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் விளையும் குதிரைவாலியைப் பாலில் குழைய வேகவைத்து, அரிசிப் பாயசத்திற்கு இடும் வெல்லத்தில் பாதியளவே இட்டு, ஏலமும் சுக்கும் சேர்த்தால் பண்டிகைக்குக் குறைவிராது. ஏலம் முதலாக, இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவை சேர்ந்த மருந்தின் பெயரையே கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று இட்டார். தினைமாவைத் தேனுக்கு மாறாக வெல்லமும் நெய்யும் இட்டுப் பிடிக்கலாம். உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் சேர்க்கின், அவற்றைப் பிளந்து நோக்கிய பின்னரே சேர்க்க என்பது பாட்டியர் வழக்கு. பால்கோவாவும் இலையில் இடம்பெறலாம்; கரண்டியால் அல்லாமல் தேக்கரண்டியால்.

அட்சய திருதியை சித்திரை, வைகாசியில் அமைவது. இராசபாளையத்து மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை மாங்கனி சந்தைக்கு இறங்குவதும் அக்காலத்திலேயே. மாதரி அன்று கண்ணகிக்கு அளித்த பொருள்களுள் மாங்கனியும் ஒன்று.