உப்பின் மற்றப் பாதி

ஆடி அமாவாசையன்று திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்துக்கு முன்னால் கடலில் தீர்த்தமாடுகிறவர்கள், வாய்க்குள் கொஞ்சம் உப்புநீர் போகாமல் கரையேறுவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் குளோரைட்டு ஏறக்குறைய 19 கிராம். சோடியம் 11 கிராம் அளவில்தான். ஆனாலும் வேதியியலாளரின் வலையில் முதலில் விழுந்தது சோடியமே.

அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் சார்ல்ஸ் பெடர்சன் வேறு எதையோ தயாரிக்கப் போய், 0.4 வீதமே கிடைத்த ஒரு பக்கவிளைபொருளை வீசாமல் வைத்துப் பார்த்தார். மெதனோலில் சரியாகக் கரையாத அந்தப் பொருள், சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது. அதன் மூலக்கூறு ஒரு வளையம். நடுவில் போய் இருந்துகொண்டது சோடியம். 1967இல் அவர் இதை வெளியிட்டார். மறு ஆண்டே அங்கு பார்க், சிமன்ஸ் இருவரும் குளோரைட்டு புகும் கூடு ஒன்றைச் செய்தார்கள். என்றாலும் அந்தப் பக்கம் வேலை மெதுவாகவே நகர்ந்தது. குளோரைட்டு பருத்த அயன், அதன் மின்னேற்றம் பரந்து கிடக்கும், சூழ்ந்த தண்ணீரை விட்டு வரவும் மனமில்லை.

கரைவலைக் கயிறு திரித்தவருக்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். பெடர்சனோடு 1987இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரான்சின் ழான்-மரி லேன், கரிம இழைகளை உலோக அயன்களைச் சுற்றித் திரிக்கும் வித்தையில் இறங்கியிருந்தார். 1996இல் அவரது குழு இழைகளை இரும்புக் குளோரைட்டோடு சேர்த்தபோது, புரிகள் நேராக நீளாமல் வட்டமாக வளைந்தன. ஐந்து இரும்பு, ஐந்து இழை, நடுக்குழியில் ஒரேயொரு குளோரைட்டு.

உப்பை மாற்றினால் வீடே மாறியது! இரும்புச் சல்பேற்றில் ஆறு இரும்பு கொண்ட பெரிய வட்டம். புரோமைட்டில் ஐந்தும் ஆறும் கலந்து வந்தன. விருந்தாளியின் பருமனைப் பார்த்து வீட்டின் அளவு தீர்மானமாகிறது.

2011இல் டேவிட் லீயின் குழு, இதே ஐந்து இரும்பு அமைப்பின் இழை முனைகளைப் பொருத்தி, 160 அணுக்கள் நீளமான ஒற்றை இழையாலான முடிச்சைக் கட்டியது. நடுவில் அதே குளோரைட்டு. 2015இல் பிடிப்பை அளந்தார்கள்: இணைவு மாறிலி 10 இன் 10ஆம் அடுக்குக்கும் மேல். குளோரைட்டைக் கண்டவுடன் வீழ்படிவாக்கும் வெள்ளி உப்புகளுக்கு நிகரான பிடி இது. உள்ளே பெரிய கொக்கி ஏதுமில்லை. சுற்றியுள்ள கார்பன்-ஐதரசன் பிணைப்புகளின் மெல்லிய ஈர்ப்பும் இரும்புகளின் நேர்மின்னேற்றமும்தான்.

அந்த அளவீடு அசற்றோநைட்ரைல் என்ற கரைப்பானில் எடுத்தது. திருக்கோவில் கடலில் ஒவ்வொரு குளோரைட்டையும் தண்ணீர் மொய்த்து நிற்கிறது.