தாக்குதல் வழக்கில் எதிரித் தரப்பு வாதம்: கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சியிலும் அதன் வளர்ச்சி

தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் ‘எதிரி’ என்று குறிக்கின்றன. எதிரி தன் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை சட்டப் பிரிவு, தீர்ப்பு, அரசு செலவில் வழக்கறிஞர் என மூன்று படிகளில் வளர்ந்தது. முதல் இரண்டும் சமவெளியில் நெடுங்காலமாக இருந்தும், மூன்றாவது வந்த பிறகே கல்வராயன் மலையின் ஏழைக் குடியானவருக்கு அவை பயன்படத் தொடங்கின.

1. ஜாகீர் காலம்

மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஜாகீர்களின் (மானிய நிலப்பகுதிகளின்) கீழ் இருந்தது. மலையாளிப் பழங்குடியினரிடையே எழுந்த அடிதடி, எல்லைத் தகராறு ஆகியவற்றை ஊர்ப் பஞ்சாயத்து தீர்த்துவைத்தது. அடித்தவரும் அடிபட்டவரும் ஊரார் முன் நின்று பேசினர். அபராதமும் சமாதானமும் முடிவாயின. வழக்கறிஞருக்கு அங்கே வேலை இல்லை.

சமவெளியில் 1862 ஜனவரி 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது காயத்தைத் தரம் பிரித்தது. சாதாரண காயத்துக்கு 323ஆம் பிரிவில் ஓராண்டு வரையிலும், ஆபத்தான ஆயுதத்தால் ஏற்பட்ட காயத்துக்கு 324இல் மூன்றாண்டு வரையிலும், கொடுங்காயத்துக்கு 325இல் ஏழாண்டு வரையிலும் சிறைத் தண்டனை இருந்தது. ஆயுதத்தால் கொடுங்காயம் விளைந்தால் 326இன்படி ஆயுள் தண்டனை வரை செல்லலாம் என்றிருந்தது. ஆகவே எது எந்தப் பிரிவில் அடங்கும் என்பதே எதிரித் தரப்பின் முதல் வாதமாயிற்று. 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை வழங்கின. 323ஆம் பிரிவு வழக்கில் காயம்பட்டவரே சமரசம் செய்துகொள்ளவும் நடைமுறைச் சட்டம் இடமளித்தது. பஞ்சாயத்தின் சமாதானத்துக்கு நீதிமன்றத்தில் நெருங்கிய வழி இதுதான்.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, எதிரி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமையைக் கூறியது. ஆனால் அவரே தமக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழியுடன் சாட்சியம் சொல்ல 1955ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2. வழக்கும் எதிர்வழக்கும்

ஊர்ச் சண்டையில் இரு தரப்பும் புகார் கொடுப்பது வழக்கம். இதற்கென்றே தமிழ்நாடு காவல் நிலையாணை 588ஏ வழிமுறை வகுத்தது. விசாரணை அதிகாரி இரு புகாரையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டறிந்து, நீதிமன்றத்தின் முன் ஒரு திட்டமான வழக்கை வைக்க வேண்டும். ஒரு புகாரை மட்டும் விசாரித்து மற்றதைக் கிடப்பில் போட்டிருந்தால், எதிரித் தரப்பு அதைத் தன் வாதத்தின் அச்சாணியாக்கும்.

உச்ச நீதிமன்றம் 1967இல் முன்ஷி ராம் வழக்கில், எதிரி வெளிப்படையாகக் கோராவிட்டாலும் சாட்சியங்களிலிருந்து தற்காப்பு புலப்பட்டால் அதை ஏற்கலாம் என்றது. 1976இல் லட்சுமி சிங் வழக்கில், எதிரியின் உடலிலிருந்த காயங்களை அரசுத் தரப்பு விளக்காமல் விடுவது வழக்கையே சந்தேகத்துக்குள்ளாக்கும் என்றது.

இதன் நடைமுறை விளைவை மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காணலாம். காயம்பட்டவர் வந்ததும், எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்குத் தாக்கினர் என்று கேட்டு மருத்துவர் எழுதுகிறார். அங்கே ‘தெரிந்த மூன்று பேர் கட்டையால்’ என்றிருந்து, முதல் தகவல் அறிக்கையில் ‘ஐந்து பேர் கொடுவாளால்’ என்று வந்தால், குறுக்கு விசாரணை அந்த இடத்தில்தான் தொடங்கும். கட்டைக்கும் கொடுவாளுக்கும் இடையிலான வேறுபாடு எதிரியின் சிறைவாசத்தின் அளவையே மாற்றிவிடக்கூடியது.

3. அரசு செலவில் வழக்கறிஞர்

1976இல் ஜாகீர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. அதே ஆண்டின் 42ஆவது திருத்தம், இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாகக் கூறும் 39ஏ பிரிவை அரசமைப்பில் சேர்த்தது. எனினும் 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 304ஆம் பிரிவு அமர்வு நீதிமன்ற வழக்குகளுக்கே வழக்கறிஞரை உறுதிசெய்தது. பெரும்பாலான அடிதடி வழக்குகளோ நடுவர் மன்றத்தில் நடப்பவை. 1980இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், எதிரி முதன்முறை ஆஜர்படுத்தப்படும்போதே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை நடுவர் தெரிவிக்க வேண்டும் என்றது. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் வழக்கில், வழக்கறிஞர் வேண்டுமென்று எதிரி கேட்காத போதிலும், உதவியின்றி நடந்த விசாரணையின் தண்டனையை 1986இல் ரத்துசெய்தது. உரிமை இருப்பதை அறியாதவரால் அதைக் கேட்க முடியாது என்னும் இந்த நியாயம் எல்லா மலைக் குடிகளுக்கும் பொருந்துவது.

1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் பழங்குடியினர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இவ்வுதவியை அளித்தது. மலையாளிகளும் இதற்கு உரியவர்கள்.

4. அண்மைக்கால மாற்றம்

மலையின் தென்னார்க்காட்டுப் பகுதியையும் சேர்த்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 323இன் இடத்தில் 115(2), 324இன் இடத்தில் 118(1), 325இன் இடத்தில் 117(2) வந்தன. தற்காப்புரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் தொடர்கிறது. வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் 20 நாள் கிடந்தால் கொடுங்காயம் என்றிருந்த வரையறை 15 நாளாகக் குறைந்தது. இதனால் முன்பு சாதாரண காயமாகக் கருதப்பட்ட சில காயங்கள் இனி ஏழாண்டுத் தண்டனைக்குரிய பிரிவுக்குள் வரும். உள்நோயாளியாகச் சேர்ந்த நாள், வீடு திரும்பிய நாள், மீண்டும் வேலைக்குப் போன நாள் ஆகியவற்றை எதிரித் தரப்பு முன்னிலும் நுணுக்கமாகச் சரிபார்க்க வேண்டியுள்ளது.