தொலைந்த நூலும் கல்லில் நின்ற ஆடலும்

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தை அறியாத நடன ஆசிரியர் இருக்க முடியாது. ஆனால், அந்த நூலே அழிந்துவிட்டது என்று அறிஞர்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

1827ஆம் ஆண்டு, வடமொழி நாடகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கல்கத்தாவில் வெளியிட்டார் எச்.எச். வில்சன். பரதரின் நூலைப் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுகிறார்களே தவிர, மூல நூல் தொலைந்துவிட்டது என்றே அவர் கருதினார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் எனும் அமெரிக்கர் 'தசரூபகம்' என்ற நாடக இலக்கண நூலைப் பதிப்பித்துக் கொண்டிருந்தார். அந்த வேளையில் நாட்டிய சாஸ்திரச் சுவடி ஒன்று அவருக்குக் கிட்டியது. அதன் சில அத்தியாயங்களை 1865இல் பின்னிணைப்பாக அச்சேற்றினார். முழு நூலும் 1894இல் பம்பாயில் வெளிவந்தது.

மூலம் கிடைத்தது. ஆனால், உரையின்றி அதன் பொருள் எளிதில் விளங்கவில்லை. கி.பி. 1000 வாக்கில் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் 'அபிநவபாரதி' என்ற விரிவான உரையை எழுதியிருந்தார். எட்டுச் சுவைகளோடு சாந்தத்தையும் சேர்த்து ஒன்பது என அவர் வாதிட்டது அதில்தான். வடகோடியில் பிறந்த அந்த உரையின் சுவடிகள் கிடைத்ததோ தென்கோடிக் கேரளத்தில், மலையாள எழுத்தில்! ராமகிருஷ்ண கவி அவற்றை ஒப்புநோக்கி, 1926இல் பரோடாவில் முதல் தொகுதியை வெளியிட்டார். ஆயினும் சில பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

நூலின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களைக் கூறுகிறது. கை, கால், உடல் மூன்றும் இணைந்த அசைவே கரணம். அறிஞர்கள் சுவடி தேடி அலைந்த நாட்களிலும் சிதம்பரம் கோயிலின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் கரணச் சிற்பங்கள் அமைதியாக நின்றிருந்தன. அவற்றுக்குரிய சுலோகங்களும் கிரந்த எழுத்தில் அங்கேயே பொறிக்கப்பட்டிருந்தன. 1926ஆம் ஆண்டுப் பதிப்பும் அந்தச் சிற்பங்களின் படங்களைத் தாங்கியே வந்தது.

2025 ஏப்ரலில் யுனெஸ்கோ, நாட்டிய சாஸ்திரச் சுவடியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெருமைதான். ஆனால், அந்தப் பெருமையில் பாதி, ஓலையைக் கரையான் அரிக்கும் முன் அடுத்த ஓலையில் எழுதி வைத்த பெயர் தெரியாத கைகளுக்கும், கல்லில் செதுக்கிய சிற்பிகளுக்கும் உரியது.

வீட்டில் ஆடல் பயிலும் பிள்ளை உண்டா? ஆசிரியர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கலை காக்கப்படுவது அப்படித்தான்.