ஹான்ஸ் குதிரை எதைப் படித்தது?

1904-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரையைப் பற்றித்தான் பேச்சு. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் அதற்குப் பாடம் நடத்தினார். கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும்.

ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தார். கேட்பவர் தாமே பார்க்காத எண் அட்டையைக் காட்டினால் ஹான்ஸ் தடுமாறியது. அது அட்டையைப் படிக்கல, ஆளைப் படித்தது! சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை சற்றே நிமிரும். உடனே தட்டுவதை நிறுத்திவிடும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. ஓஸ்டனுக்கே அது தெரியாது. ஃபுங்ஸ்டின் ஆய்வு 1907-இல் நூலானது.

ஆசிரியர்களே, வகுப்பில் நம் முகமும் விடையைக் காட்டிக் கொடுக்கிறதா? மாணவர்களே, தேர்வுத் தாளுக்கு முகம் கிடையாது, புரிந்து படியுங்கள்.