தொலைவில் ஒரு கண், தொலைவில் ஒரு கை: அகத்தியர்கூடம் முதல் கேவிஎம் கருவி வரை

கருவி ஓரிடத்திலும் அதை ஆள்பவர் வேறோரிடத்திலும் இருப்பது கணினிக் காலத்துக்கே உரிய நிலை என்று பலரும் எண்ணுகிறோம். திருவனந்தபுரத்தின் அறிவியல் வரலாற்றில் அது பழைய சிக்கல். வீட்டு சர்வருக்கான கேவிஎம் கருவியைப் பற்றி நண்பர்கள் சிலர் கேட்டதற்கு விடையாகத் தொடங்கிய இக்குறிப்பு, அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் சென்று திரும்புகிறது.

சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவில் 1837-இல் திருவனந்தபுரம் வானாய்வகம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட் 1849-இல் மறைந்தார். 1852-இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து அறிவியலர் ஜான் ஆலன் புரூனின் முதன்மை ஆர்வம் புவிக்காந்தத்தில் இருந்தது. காந்த ஊசியின் அன்றாட அசைவு உயரத்தைப் பொறுத்து மாறுகிறதா என்பது அவர் கேள்விகளுள் ஒன்று. அதற்கு விடை காண, 1855-இல் அகத்தியர்கூடத்தின் உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், இரண்டாவது ஆய்வகம் ஒன்றை நிறுவினார். தமிழ் மரபு பொதிகை என்று போற்றும் மலைத்தொடரின் சிகரம் அது. நகரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர்தான், வழியோ அடர்காடு.

புரூன் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலும் இருக்க இயலாது. மலையுச்சியில் தங்கிய உதவியாளர்களே குறித்த நேரங்களில் அளவுகளைப் படித்து எழுதினர். அவர்களுடைய கண்ணே இயக்குநரின் கண். அவர்களுடைய கையே அவருடைய கை. 1874-இல் வெளிவந்த புரூனின் பெருநூல், திருவனந்தபுரத்திலும் அகத்தியர்கூடத்திலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்தச் சரிவு அளவுகளைத் தொகுத்தளிக்கிறது. அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் கருவியின் அருகே விழித்திருந்த ஒருவர் உண்டு.

காந்தநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பது என்னும் இயல்பே பின்னர்த் தும்பாவையும் தேர்ந்தெடுக்கச் செய்தது. 1963 நவம்பர் 21-இல் நைக்-அப்பாச்சி ஏவூர்தி அங்கிருந்து விண்ணேறியது. ஏவுதளத்தில் பொருத்தும் வேளையில் பாரந்தூக்கியின் நீரியல் அமைப்பில் கசிவு ஏற்பட்டதையும், பலர் சேர்ந்து கையால் தூக்கி வைத்ததையும் அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடு எத்தனை நுட்பமானதாயினும், அது தவறும் கணத்தில் அருகிலிருக்கும் கையே துணை.

இனி கணினிக்கு வருவோம். இயங்குதளம் நலமாக இருக்கும்வரை வலைப்பின்னல் வழியே எந்தச் சர்வரையும் ஆளலாம். அது எழும்பாமல் பயோஸ் நிலையிலேயே நின்றுவிட்டால், அந்த வழி அடைந்துபோகும். அப்போது தேவைப்படுபவை விசைப்பலகை, திரை, சுட்டி ஆகிய மூன்றும். அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளே கேவிஎம். தொடக்கத்தில் அது ஒரே திரையைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள உதவிய மாற்றுப்பெட்டி. பின்னர் அந்தத் திரையும் விசைகளும் வலைப்பின்னல் வழியே பயணிக்கத் தொடங்கின. 1998-இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் ஐபிஎம்ஐ என்னும் பொது வரையறையை வெளியிட்டன. முதன்மைக் கணினி உறங்கினாலும் விழித்திருக்கும் சிறு கணினி ஒன்று தாய்ப்பலகையிலேயே குடியேறியது.

அந்த விழிப்பே ஆபத்துக்கும் வாயிலானது. ஐபிஎம்ஐ-யின் இரண்டாம் பதிப்பில், கடவுச்சொல்லின் சுருக்கக் குறியீட்டை, உள்நுழைவோர் யாரென உறுதி செய்யும் முன்பே கருவி அனுப்பிவிடும். அதைப் பெற்றவர் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். 2013-இல் இதுகுறித்து அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. கணினிக்கும் மேலான அதிகாரம் கொண்ட கருவி, கணினியைவிடக் கவனமாகக் காக்கப்பட வேண்டியது என்பது அன்று தெளிவாயிற்று.

பெருநிறுவனங்களிடம் இருந்த இவ்வசதி வீட்டுக்கு வந்தது ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளாலும் கட்டற்ற மென்பொருளாலும்தான். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த நகரில் இருந்துகொண்டு இதை எழுதுவது பொருத்தமே. பைகேவிஎம் என்னும் திறமூலத் திட்டத்தின் அமைப்பு எளிது. சர்வரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை ஒரு பலகை படம்பிடிக்கிறது. யுஎஸ்பி வடத்தின் வழியே கருவி தன்னை விசைப்பலகையாகவும் சுட்டியாகவும் நிறுவல் வட்டாகவும் காட்டிக்கொள்கிறது. தாய்ப்பலகையின் மின்விசை ஊசிகளோடு இணைந்த கம்பிகள், பொத்தானை அழுத்தும் விரலின் வேலையைச் செய்கின்றன. உலாவியில் திரை தெரிகிறது.

என் வீட்டு சர்வரில் இருப்பவை பல ஆண்டுகளாக ஒளிப்படமெடுத்த ஓலைச்சுவடிப் படிகள். இக்கருவி இல்லாத காலத்தில், ஒரு மின்தடைக்குப் பின் அது எழவில்லை. நான் களப்பணியில் நெடுந்தொலைவில் இருந்தேன். ஆங்கிலம் அறியாத என் தாயார், திரையில் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வடிவம் சொல்லித் தொலைபேசியில் விவரித்தார். “ஏணி மாதிரி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல வட்டம்” என்றார். ஒரு மணிநேரம் கழிந்து சர்வர் எழுந்தது. அகத்தியர்கூடத்து உதவியாளர்களை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது அன்றுதான்.

நிறுவுவது ஒரு நாள் வேலை, பேணுவது தொடர்பணி. முன்னிருப்புக் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்ற வேண்டும். ரவுட்டரில் வாயில் திறந்து கருவியை நேரடியாக இணையத்தில் வைத்தல் கூடாது. வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட தனிவழியே நுழைய வேண்டும். கருவிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். சர்வரை மட்டும் காத்துப் பாதையைக் கைவிட்டால் பயனில்லை. பைகேவிஎம் தன் நினைவட்டையை வழக்கமாகப் படிப்பதற்கு மட்டுமே திறந்து வைத்திருப்பதால், திடீர் மின்தடையில் அது கெடும் வாய்ப்பு குறைவு. ஆயினும் படியெடுத்த மாற்று அட்டை ஒன்று இருக்கட்டும். ஐப்பசி மாலைகளின் இடி இந்நகரத்தார் அறிந்ததே. மின்னெழுச்சிக் காப்பு இன்றியமையாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது வரும்வரை காத்திராமல் மாதம் ஒருமுறை வெளியிலிருந்து நுழைந்து பார்க்க வேண்டும்.

தொலைக்கட்டுப்பாடு மனித உழைப்பை நீக்குவதில்லை. அதை வேறோர் இடத்துக்கும் வேறொரு நேரத்துக்கும் மாற்றுகிறது. மலையுச்சியில் ஒவ்வொரு வேளையும் நிகழ்ந்த கவனிப்பு, இன்று மாதாந்தரச் சோதனையாகச் சுருங்கியிருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் கருவி இருந்தும் இல்லாததே. என் வீட்டில் சர்வரின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது: தேதி, சோதித்தது, மாற்றியது. கடைசிக் கம்பியும் அறுந்தால் எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்பதும் அதன் முதல் பக்கத்தில் தமிழில் எழுதப்பட்டுள்ளது. எழுதியது நான், படித்துப் பார்த்துத் திருத்தியது என் தாயார்.