கழிவுநீர் உரைத்த செய்தி

கொவிட் பரவிய 2020-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளின் கழிவுநீரைச் சோதித்து நோய்த்தடம் கண்டனர். அன்று அது புதுமைபோல் தோன்றிற்று. உண்மையில் அம்முறைக்கு எண்பது ஆண்டு வரலாறு உண்டு.

இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கும் நோய் என்றே நாம் அறிவோம். ஆயினும் அந்நச்சுயிர் பல்கிப் பெருகும் இடம் குடலேயாகும். தொற்றியோர் இருநூற்றுவருள் ஏறத்தாழ ஒருவரே முடமாவார். ஏனையோர் தாம் நோயுற்றதை அறியாமலே அதனைக் கழிவுடன் வெளியேற்றுவர். 1939-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் அந்நோய் பரவியபோது, யேல் பல்கலைக்கழக அறிஞர்களான ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் ஆகியோர் அந்நகர்க் கழிவுநீரைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அதனுள் நச்சுயிர் இருத்தலை நிறுவினர். 1949-இல் எண்டர்ஸ் குழுவினர் திசு வளர்ப்பு முறையைக் கண்ட பின்னரே இச்சோதனை எளிதாயிற்று.

இதன் பயனை இஸ்ரேலில் தெளிவாகக் காண்கிறோம். 1988-இல் அங்குப் பதினைவர் நோயுற்றனர். மறு ஆண்டு முதல் கழிவுநீரை முறையாகச் சோதிக்கலாயினர். 2013-இல் தென்பகுதியிலுள்ள ராகத் நகரின் கழிவுநீரில் நச்சுயிர் தென்பட்டது. அஃது 2012-இல் கெய்ரோவின் கழிவுநீரில் கண்டதற்கு நெருங்கிய உறவுடையது. ஆனால் முடமான குழந்தை ஒன்றுகூட இல்லை!

காரணம் யாது? 2005 முதல் அந்நாட்டில் ஊசி மருந்து மட்டுமே வழங்கப்பட்டது. அது முடக்கத்தைத் தடுக்கும். குடலில் நச்சுயிர் தங்குவதைப் போதிய அளவு தடுக்காது. எனவே உயிருள்ள சொட்டு மருந்தை மீண்டும் புகட்ட அரசு முடிவு செய்தது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஊசியால் முன்னரே காப்புப் பெற்ற குழந்தைக்குச் சொட்டு மருந்தால் வரும் நலன் சிறிது. அந்நலன் பெரிதும் ஊசி பெறாத பிறர்க்கே உரியது. பிறர் பொருட்டுத் தம் மகவுக்கு மருந்தூட்டப் பெற்றோர் சிலர் தயங்கினர். அத்தயக்கத்தைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. தாயின் அச்சம் கணக்குக்கு அடங்குவதன்று. ஆயினும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் மருந்துண்டனர். 2014-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ராகத் கழிவுநீரில் அந்நச்சுயிர் காணப்படாதாயிற்று.